குடி நின்ற வீட்டில் சண்டை ஏன் நிற்கவில்லை?

ஓமலூர் வாசகரின் கேள்வி, 7 ஜூலை 2024

என் அக்காவின் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். பல ஆண்டுகள் குடித்தவர், சென்ற ஆண்டு மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் வீட்டில் முன்பைவிடச் சண்டை கூடியிருக்கிறது. அக்கா பீரோச் சாவியை மாமாவிடம் தருவதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் அவரிடம் பேசுவதே இல்லை. "அவனே திருந்திவிட்டான், இவள்தான் திருந்தவில்லை" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அக்காவைக் குறை சொல்கிறார்கள். குடி நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

7 ஜூலை 2024, இரவு

தானாகச் சரியாகாது. குடி நின்ற வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன். என் அப்பா சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர், நான் பள்ளி இறுதியாண்டில் இருந்தபோது குடியை விட்டார், இன்றுவரை தொடவில்லை. அவர் குடித்த காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது சிரித்துக்கொண்டே பேச முடிகிறது. குடியை விட்ட பிறகு வந்த முதல் சில ஆண்டுகளைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் வாய் திறப்பதில்லை.

வெள்ளிப் பட்டறையைத் தெரியாதவர்களுக்காக: வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளியை, வேலை முடிந்ததும் சேதாரம் கழித்து எடை போட்டே திருப்பித் தர வேண்டும். குறைகிற எடை தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பின் எடை குறையாத வாரமே இல்லை. கொஞ்சம் நடுக்கத்தில் வீணானது, கொஞ்சம் விற்றுக் குடித்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அந்தக் கடனை அடைக்க அம்மா வீட்டிலேயே சலங்கை கோர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை எடை போடும் நேரத்தில் பட்டறைக்குப் போய், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி முதலாளியைச் சமாதானப்படுத்துவது என் வேலை. இரவு கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து, அன்று என்ன நடக்கும் என்று அம்மாவுக்குக் கண்ணாலேயே சொல்வது தம்பியின் வேலை. நான்கு பேர் கொண்ட வீட்டில் மூன்று பேருடைய நாள் முழுவதும் ஒருவருடைய குடியைச் சுற்றி அமைந்திருந்தது. அந்த ஒருவர் நிறுத்திய மறுநாள், மற்ற மூவரும் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். மாமா குடித்த அத்தனை ஆண்டுகளும் அந்தச் சாவியை அக்கா இறுகப் பிடித்திருந்ததால்தானே வீட்டில் அரிசி இருந்தது?

9 ஜூலை 2024

"குடும்பம் என்றால் பெண்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று ஆத்தூர் நண்பர் எழுதியிருப்பதைப் படித்தேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன், ஆனால் அவர் எந்த நாளும் விசைத்தறிக் கடனைப் பார்த்ததில்லை என்றும் தோன்றுகிறது.

தறியிலும் வெள்ளியிலும் முன்பணம் என்பது வீட்டையே அடகு வைப்பதற்கு ஒப்பானது. தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், அதை அடைக்காமல் வேறு தறிக்கு மாற முடியாது. மாற வேண்டுமானால் புதிய முதலாளி பழைய கடனை அடைத்துத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்வார். குடிப்பவர் அவசரத்துக்கு வாங்கும் ஒவ்வொரு ஆயிரமும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. குடி நின்றுவிடும், கணக்கு நிற்காது. வாரக் கூலியில் பிடித்தம் போகக் கையில் வருவதைப் பார்த்துக் குடிக்காத மனிதரே தலையில் கை வைத்துக்கொள்வார். இந்த நிலையில் உங்கள் மாமா, "நான்தான் விட்டுவிட்டேனே, இன்னும் ஏன் என்னிடம் பணம் தர மறுக்கிறாய்" என்று கேட்கிறார். உங்கள் அக்கா, அவர் விட்டதற்கு முன்பு செய்த கடனை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது இன்றைய நிலையைப் பற்றி, அக்கா பேசுவது நேற்றைய கடனைப் பற்றி. இரண்டுமே உண்மைதான்.

இதில் மகளிர் சுய உதவிக் குழுக் கடனும், வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் நிதி நிறுவனக் கடனும் அக்காவின் பெயரில் இருக்கிறதா என்று ஒரு முறை விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

10 ஜூலை 2024

வெள்ளி வேலை செய்பவர் வெள்ளிக்கிழமையாவது குடிக்காமல் இருந்தாரா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார். இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உரிய நாட்கள் என்பதால் அப்பா தொடமாட்டார். அந்த இரண்டு நாட்களின் பாக்கியைச் சனிக்கிழமை வட்டியோடு தீர்த்துவிடுவார்.

15 ஜூலை 2024

மகன் பேசாததைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குடிப்பவருடைய வீட்டில் பிள்ளைகள் காதால் வாழ்கிறார்கள். வண்டியை ஸ்டாண்டு போடும் சத்தம், செருப்பைக் கழற்றும் நேரம், கதவுத் தாழ்ப்பாளைத் தேடும் கை ஆகிய மூன்றையும் கேட்டால் போதும். உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை குவாட்டர் என்பது தெரிந்துவிடும். இந்தக் கல்வி யாரும் கற்றுத் தராமலே வந்து சேர்கிறது, அதை மறப்பதற்குத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பா குடியை விட்ட பிறகும் தம்பி அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். ஒரு நாள் அப்பா செருப்பைக் கழற்றச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். செருப்பின் வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். தம்பி அதற்குள் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

இன்னொன்று, பிள்ளைகள் சொன்ன பொய்கள். நாங்கள் யாரையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா ஏன் வருவதில்லை என்று ஆசிரியர் கேட்டதற்கு, அப்பா துபாயில் இருக்கிறார் என்று தம்பி சொல்லிவிட்டான்; சில வகுப்புகள் வரை அந்தப் பொய்யைப் பத்திரமாக வளர்த்தும் வந்தான். குடியை விட்ட உற்சாகத்தில் அப்பா ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரும் அழைக்காமலேயே பள்ளிக்குப் போனார். "எப்போது ஊரிலிருந்து வந்தீர்கள், வேலை அங்கே எப்படி இருக்கிறது?" என்று ஆசிரியர் அன்போடு விசாரித்தார். அப்பா ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல், வெயில்தான் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தும் தம்பியைத் திட்டவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் ஏதோ ஒன்று இளகியது அன்றுதான் என்று நினைக்கிறேன், ஆனால் தம்பி இதை ஒப்புக்கொள்ளமாட்டான்.

உங்கள் அக்கா மகன் பல முறை வாக்குறுதி கேட்டிருப்பான். பிறந்தநாளுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்து ஒன்று. ஒவ்வொன்றையும் நம்பியவன்தான், இப்போது நம்பாமல் இருப்பதன் மூலம் தன்னைக் காத்துக்கொள்கிறான். அதோடு, அப்பா விழுந்து கிடந்த ஆண்டுகளில் அம்மாவுக்குத் துணையாக நின்றவன் அவன். பத்து வயதிலேயே வீட்டின் பெரிய ஆண்பிள்ளை ஆகிவிட்டவனிடம், இப்போது திரும்பவும் பிள்ளையாக இரு என்றால் அவனுக்கு அது பதவி இறக்கம். மாமா அவனிடம் பேச்சை எதிர்பார்க்காமல், சொன்ன நேரத்துக்கு டியூஷன் வாசலில் போய் நின்றால் போதும். பேசாமலே வண்டியில் ஏறுவான். ஏறட்டும்.

21 ஜூலை 2024

கடையை மூடினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் முதன்முதலில் மதுவிலக்கு வந்த மாவட்டமே நம்முடையதுதான். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று இங்கேதான் அதைத் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடக்கம். போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு இரண்டாவது பித்தளைக் குடம் வந்தது என்று தன் தாய் சொன்னதாக என் அம்மாயி சொல்வார். அது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த உண்மையான நன்மை, நான் மறுக்கவில்லை.

பிறகு 1971இல் தளர்வு, 1974இல் மறுபடி தடை, 1981இல் மறுபடி திறப்பு, 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். இதில் குடும்பத்தைத் தொட்ட மாற்றம் ஒன்றை யாரும் பேசுவதில்லை. பழைய சாராயக் கடையில் தெரிந்தவருக்குக் கடன் எழுதுவார்கள் என்று அப்பா சொல்வார். கணக்குத் தீர்க்கும் நாளில்தான் வீட்டில் சண்டை வரும். அரசுக் கடையில் கடன் கிடையாது, உடனே பணம் தர வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாலையும் பணம் தேட வேண்டும். அந்தத் தேடல் அடுப்படியில், அஞ்சறைப் பெட்டியில், பிள்ளையின் உண்டியலில்தான் தொடங்கும். டாஸ்மாக் மூலம் அரசுக்கு 2023–24ஆம் ஆண்டில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் என்கிறார்கள். அதில் எவ்வளவு அஞ்சறைப் பெட்டியிலிருந்து போனது என்று எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பிலும் இல்லை.

நம் மாவட்டத்துக்காரரான சசி பெருமாள் 2015 ஜூலை 31 அன்று, கடையை மூடக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். அவருடைய கோரிக்கையைக் கேலி செய்யும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போகும். அத்தகைய வீட்டில் இனிப் பார்வையற்ற கணவரைக் கவனிப்பதும் அதே மனைவிதான். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணின் நாளில் என்ன மாறுகிறது என்பதே இங்கு கேள்வி. கொள்கை விவாதத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம்.

2 ஆகஸ்ட் 2024

தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஓர் அம்மா, "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்து" எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். பேருந்து நிலையச் சுவர்களிலும் செல்பேசியிலும் இந்த விளம்பரம் ஓயாமல் வருகிறது. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதை விற்பவர் சொல்வதில்லை. மருத்துவர்கள் எழுதித் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு, அதன் ஆபத்தை மட்டும் சொல்கிறேன். நாம் குடிக்கும் மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடும். டைசல்ஃபிராம் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. அதன்மேல் குடித்தால் நச்சு தேங்கி, முகம் சிவந்து, இதயம் படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் உள்ளவர் இறந்துபோகவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, தானே ஒப்புக்கொண்டு, மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்கும்போதுதான் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது விஷத்துக்குச் சமம், அதற்கான பழியும் மனைவியின் தலையில்தான் விழும்.

3 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. என் அத்தை ஒருவர் இப்படி ஏதோ ஒரு பொடியைக் கலந்து கொடுத்து, மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் அவர் வீட்டுச் சோற்றைத் தொடவே இல்லை. மூன்று வேளையும் புரோட்டாக் கடையில்தான் சாப்பாடு. பின்னாளில் குடியை விட்டார், அப்போதும் அத்தை காப்பி கொடுத்தால் முதலில் அத்தையை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். உறவினர்கள் அதை அன்யோன்யம் என்று பேசிக்கொண்டார்கள்!

18 ஆகஸ்ட் 2024

ஓமலூர் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். மாமா இரவில் தூங்குவதில்லையாம், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாராம், "குடித்தபோதே நன்றாக இருந்தேன்" என்கிறாராம்.

தூக்கக் குறைவும் எரிச்சலும் குடியை நிறுத்திய பல மாதங்கள் வரை நீடிப்பது வழக்கம்தான். நெடுங்காலம் மதுவுக்குப் பழகிய மூளை தன் சமநிலைக்கு மெதுவாகத்தான் திரும்பும். ஓராண்டுக்குப் பிறகும் இப்படி இருந்தால், உள்ளே மனச்சோர்வு ஏதும் இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அதைத் தவிர ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மாலை ஆறிலிருந்து பத்து வரை அந்த மனிதர் என்ன செய்வது? கடை, பார், நண்பர்கள், தள்ளாடி வரும் வழி என்று அத்தனை ஆண்டுகள் நிரம்பியிருந்த நான்கு மணி நேரம் திடீரெனக் காலியாகிவிடுகிறது. எங்கள் அப்பா அந்த நேரத்தில் அடுப்படியை மேற்பார்வையிடத் தொடங்கினார். எண்ணெய் ஏன் இவ்வளவு, விளக்கு ஏன் எரிகிறது, துணியை ஏன் இப்படி மடிக்கிறாய் என்று ஒவ்வொன்றிலும் நுழைந்தார். அம்மா ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "இதற்கு நீ குடித்துவிட்டே கிடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர், கேட்டவர், பக்கத்தில் இருந்த நாங்கள் என்று எல்லோரும் உறைந்துபோனோம். இந்த வாக்கியம் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு முறை வந்துவிடுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்கள் அக்கா சொல்லியிருந்தால் அதற்காக அவரைத் தண்டிக்காதீர்கள்.

குடியை விட்டவர்கள் ஒரு பாராட்டு விழாவை எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மன்னிப்பை எதிர்பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் முதலில் தொடங்கட்டும் என்று காத்திருப்பதில் ஓராண்டு போய்விடுகிறது.

25 ஆகஸ்ட் 2024

"அடிப்பவரையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா?" என்று தாரமங்கலத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வேண்டாம். நான் இதுவரை எழுதியது, சேர்ந்து வாழ விரும்பும் இருவர் ஒருவரை ஒருவர் புண்படுத்திக்கொள்ளும் வீட்டைப் பற்றி மட்டும்தான். குடித்தால் அடிக்கிறார், குடி நின்றால் அடி நிற்கும் என்று காத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். குடி நின்ற பிறகும் நிதானமாக அடித்தவர்களையும் தெரியும். போதையை எல்லா அடிக்கும் காரணமாக ஏற்றுக்கொண்டால், அந்த மனிதர் தன் முதலாளியை ஏன் ஒரு நாளும் அடித்ததில்லை என்பதற்கு விடை கிடைக்காது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, விவாகரத்துக் கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவு பெறலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கு வசிக்கும் உரிமையைக் கோரலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகப் புகார் தரலாம். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதீர்கள். ஊர் எப்போதும் ஏதாவது சொல்லும்.

6 அக்டோபர் 2024

சில வாரங்கள் எழுத முடியவில்லை. நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பருவம் நெருங்குகிறது, கூலிப் பட்டியல் வேலை அதிகம். அந்தப் பட்டியல்களைப் பார்த்தபடியேதான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முன்பு சனிக்கிழமை கூலி கையில் கொடுக்கும்போது, வாசலில் கணவன்மார் நிற்பார்கள். இப்போது வங்கிக் கணக்கில் போகிறது என்பதால் யாரும் நிற்பதில்லை. நல்ல மாற்றம் என்று நினைத்திருந்தேன். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் பல வீடுகளில் கணவரிடம்தான் இருக்கின்றன என்று ஓர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அப்படித்தான். 15ஆம் தேதி வாக்கில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும், அட்டை மலையிறங்கிவிடும். இன்னும் சில பெண்கள் அட்டையை அலுவலகத்தில் என்னிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். அது விதிமுறைக்குள் வருமா என்று கேட்காதீர்கள்.

இங்கே சாவியைப் பற்றி ஜூலையில் எழுதியதை ஒட்டி ஒன்று சேர்க்க வேண்டும். அக்கா சாவியை வைத்திருப்பது நியாயம்தான், அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் சாவி முழுவதும் ஒருவர் கையிலேயே இருந்தால், மற்றவர் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுவார். எங்கள் வீட்டில் அம்மா என்ன செய்தார் என்றால், மின் கட்டணத்தையும் ரேஷன் கடையையும் மட்டும் அப்பாவிடம் விட்டார். பணத்தை அளந்துதான் கொடுத்தார். அப்பா அளந்துதான் திருப்பினார், ரசீதோடு. வாழ்நாள் முழுவதும் எடைக்கு வெள்ளி வாங்கி எடைக்குத் திருப்பித் தந்த மனிதருக்கு அந்த முறை அவமானமாகத் தோன்றவில்லை போலும். வேறு தொழில்காரருக்குத் தோன்றலாம். ஆகையால் இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன்.

இதைவிடக் கடினமானது அம்மாவின் கோபம். அப்பா குடித்த காலத்தில் அம்மா கோபப்பட்டதே இல்லை. கோபப்பட நேரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அவர் நிதானமான பிறகுதான் அத்தனை ஆண்டுகளின் கோபமும் வெளியே வந்தது. தன் தாலிக்கொடி அடகு போன நாள், என் பெரியம்மா மகள் கல்யாணத்தில் அவர் பந்தியில் விழுந்த நாள் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு எடுத்துச் சொல்வார். அப்பாவுக்குப் பாதிக்கு மேல் நினைவே இருக்காது. போதையில் நடந்தவை பல அவருடைய மூளையில் பதியவே இல்லை, அம்மாவுக்கோ ஒன்றும் அழியவில்லை. நடந்ததே இல்லை என்று அவர் சாதிப்பதாக அம்மா நினைத்தார். இல்லாததைச் சொல்லி வதைப்பதாக அப்பா நினைத்தார். இதை உங்கள் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். அக்கா இப்போது சண்டை போடுகிறார் என்றால், சண்டை போட்டாலும் அடி விழாது என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருக்கிறது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அந்தக் கோபத்தை வீட்டில் கேட்கும் பிள்ளைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்த எல்லையை யாரும் கவனிக்கவில்லை. நான் விடுதி இருக்கும் கல்லூரியாகத் தேடிப்பிடித்துச் சேர்ந்ததற்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லை.

1 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. எதிர்பார்த்தபடியே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். விட்டவர் மறுபடி குடித்துவிட்ட வீட்டில் "எல்லாம் பாழாகிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் தவறியது பழைய நிலைக்குத் திரும்பியதாக ஆகாது. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போனாரா என்பதை மட்டும் பாருங்கள். "ஒரு பெக் தானே, பண்டிகைதானே" என்று ஊற்றிக் கொடுத்த மைத்துனர்களை அடுத்த தீபாவளிக்கு அழைக்காதீர்கள். பலகாரத்தை முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

17 நவம்பர் 2024

கார்த்திகை பிறந்துவிட்டது. நேற்று முதல் மாலை போட்டவர்கள் பலர் இருப்பீர்கள்.

குடிப்பவர் மாலை போட்டால் ஒரு மண்டலமாவது வீடு நிம்மதியாக இருக்கும் என்று குடும்பமே கூடி அவருக்கு மாலை போட்டுவிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு காப்புக் கட்டுவதும், குடியை விடக் கோயிலில் கயிறு கட்டுவதும் இதே நம்பிக்கையில்தான். நம்பிக்கையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, அப்பாவும் மாலையில்தான் தொடங்கினார். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரையில் இல்லாததைப் பார்ப்பதும், நேரமும் இடமும் தெரியாமல் பிதற்றுவதும் நேரலாம். அதைச் சாமி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விபூதி பூசி உட்காரவைத்த வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. முன்பே மருத்துவரைப் பார்த்தால், நடுக்கத்தைக் குறைக்கும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். பி1 வைட்டமினாகிய தயமினையும் தருவார். தயமின் குறைந்த நிலையில் நடை தள்ளாடிக் கண் பார்வை அலையும். கவனிக்காவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடும். மாலையும் போடட்டும், மருந்தும் சாப்பிடட்டும். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாலையைக் கழற்றும் நாளுக்கு இப்போதே திட்டமிடுங்கள். கழற்றிய இரவுக்காகக் காத்திருக்கும் நண்பர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

8 டிசம்பர் 2024

கேட்காமலே ஒரு தகவல். என் தம்பி இந்த இழையைப் படித்திருக்கிறான். துபாய் விவகாரத்தில் ஒரு விவரம் விட்டுப்போய்விட்டதாம்: வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அவனை அழைத்து, "அங்கே எனக்கு என்ன சம்பளம் என்று சொல்லியிருந்தாய்?" என்று கேட்டாராம். தம்பி தொகையைச் சொன்னதும், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்றாராம்.

29 டிசம்பர் 2024

ஓமலூர் வாசகர் எழுதியிருக்கிறார். பெரியவர்களிடம் பேசிப் பார்த்தாராம், அவர்கள் மாறவில்லையாம். மகன் இன்னும் பேசவில்லையாம், ஆனால் டியூஷன் முடிந்ததும் மாமாவின் வண்டியில்தான் வருகிறானாம். அக்கா வீட்டு மின் கட்டணத்தை மாமாவிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கட்டினார், ரசீதை மட்டும் தொலைத்துவிட்டாராம், அதற்கு ஒரு சண்டையாம். ரசீது செல்பேசியிலேயே வரும்படி செய்துகொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

அக்கா மட்டும் போய்ப் பேசுவதற்கு ஏதும் இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. குடியை விட விரும்புபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களுடைய மனைவிமார் தங்களுக்கென்று தனியாகக் கூடத் தொடங்கி, 1951இல் ஆல்-அனான் என்ற அமைப்பாக ஆனார்கள். குடும்பத்தார் தனியாகக் கூட வேண்டிய தேவை இருக்கிறது என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலும் இரண்டுக்கும் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்பதை மாமா இருந்த மறுவாழ்வு மையத்திலோ, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ கேட்டுப் பாருங்கள். கணவர் இன்னும் குடிக்கிறாரா, விட்டுவிட்டாரா என்பதைப் பொறுத்து யாரையும் அங்கே திருப்பி அனுப்புவதில்லை.

மாமாவும் உடன் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது குடும்பத்தார் பேசுவதற்கான இடம், அவருக்கு அவருடைய கூட்டம் தனியாக இருக்கிறது. அக்கா போகும் மாலையில் வீட்டில் மாவு அரைப்பது யார் என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.